கைப்பையில் ஒரு சின்னக் கீறல்

உங்கள் வீட்டில் ஏதாவது உடைந்தால், கிழிந்தால், நிறம் மங்கினால், தயவுசெய்து எங்கள் காதில் போட்டுவிடாதீர்கள். "இதைப் போய்க் கடையில குடுக்கிறதோ?" என்று கேட்கும் இனம் நாங்கள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் கொஞ்சம் அதிகம். மற்ற ஊர்களிலும் குறைவில்லை. அடையாளம் காண்பது சுலபம். பிரித்துப்போட்ட மின்விசிறி ஒன்று எங்கள் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். திரும்பப் பூட்டிய பிறகும் மிஞ்சிய ஆணிகளைப் பால்மா ரின்னில் சேர்த்துவைத்து, "அது தேவையில்லாத ஆணி, கொம்பனிக்காரன் சும்மா போட்டது" என்று, கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்போம். பயிற்சியா? யூரியூப்பில் ஒரு காணொளி. அதுவும் பாதி.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இனத்துக்கு ஒரு சங்கம் வைத்தால் தலைவர் பதவிக்கு எனக்குப் போட்டி இருக்காது.

என் மனைவி சீலாவிடம் தேன் நிறத் தோல் கைப்பை ஒன்று இருக்கிறது. தன் உழைப்பில் தானே தெரிவுசெய்து வாங்கியது என்பதால், மாதா கோவிலுக்கும் கலியாணங்களுக்கும் மட்டுமே அது அலுமாரியை விட்டு வெளியே வரும். முன்பக்கத்தில் ஒரு கீறல், மூலையில் கொஞ்சம் நிறம் போயிருந்தது. அவளுடைய தங்கை மகள் சுதர்ஷிகா, தன் கலியாணத்துக்கு, "பெரியம்மாதான் எனக்குப் பக்கத்தில சாட்சியா நிக்கோணும்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெருமையில் சீலா கிறீம் நிறப் பட்டுச் சேலை ஒன்று எடுத்து, அதையும் பையையும் கட்டிலில் அருகருகே வைத்து அழகு பார்த்தாள். நான் கீறலைப் பார்த்தேன்.

"இஞ்ச தாரும், அஞ்சு நிமிசத்தில புதுசாக்கித் தாறன்."

"வேண்டாமப்பா. கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியும். இல்லாட்டிக் கடையில குடுப்பம்."

"கடைக்காரனுக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

காணொளிக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார்: அழுக்கைத் துடையுங்கள், அடியில் மறைவான இடத்தில் பூசிப் பாருங்கள், தோலுக்கென்றே விற்கும் நிறத்தை மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள், கடைசியில் அது பிறவற்றில் ஒட்டாதிருக்க ஒரு மேல்பூச்சுக் கொடுங்கள். மறைவான இடத்தில் பூசிப் பார்ப்பது தன்னம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை. ஆகவே, கிண்ணியாவில் படகுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் என் கூட்டாளி றுவைஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். கைப்பை என்று சொன்னால் சிரிப்பான் அல்லவா? பொதுவாகக் கேட்டேன்.

"மச்சான், கீறல் விழுந்து நிறமும் போய்க் கிடக்கு. என்ன செய்யலாம்?"

"முதல்ல சாண்ட்பேப்பரால நல்லா உரஞ்சு மச்சான். பழைய பெயின்ற் நிண்டா புதுசு புடிக்காது."

உரஞ்சினேன். கீறல் போனது. கீறலைச் சுற்றியிருந்த தேன் நிறமும் சேர்ந்தே போய், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளிறி நின்றது. மற்ற மனிதர்கள் இந்த இடத்தில் நிறுத்துவார்கள். நாங்கள் நிறுத்துவோமா? என் மண்ணிறச் சப்பாத்துப் பொலிஷைத் தோண்டி எடுத்து, தேன் நிறம் வரும்வரை மஞ்சள் தூள் கலந்து, தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துப் பூசி, பழைய பெனியனால் தேய்தேயென்று தேய்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், பளபளத்தது. பளபளக்கிற பைக்கு மேல்பூச்சு எதற்கு?

"அட, நல்லாத்தான் இருக்கு" என்றாள் சீலா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு கோவில் வாசல்வரை என் கால் நிலத்தில் படவில்லை.

கோவிலுக்குள் நல்ல புழுக்கம். பூசை முடிந்து பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கச் சீலா எழுந்தபோது பார்த்தேன். இடுப்பிலிருந்து முழங்கால்வரை, சேலையில் பை உரசிய இடமெல்லாம் மஞ்சளும் மண்ணிறமுமாக அப்பிக் கிடந்தது. படம் எடுக்கிற பெடியன் மரியாதையான பிள்ளை. "அன்ரி, நீங்கள் கொஞ்சம் பின்னால நில்லுங்கோ" என்றான். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள், எல்லாப் படங்களிலும் மாப்பிள்ளையின் மாமாவுக்குப் பின்னால் பாதி முகமாக நிற்கிறாள்.

ஓட்டோவில் வரும்போது அவள் கோபப்படவில்லை. "அந்தக் கீறலோட நான் சந்தோசமாத்தான் இருந்தனான்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பகிடி இல்லை, உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சேலையை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். பையைக் கெடுத்ததைக்கூட மன்னித்துவிடுவாள். சேலைக்கு நான் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுவேன் என்பதுதான் அவளுடைய பயம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்: பட்டில் மஞ்சள் பட்டுவிட்டது என்று வாசித்த உடனே, "கொஞ்சம் வினாகிரி போட்டுத் தேய்த்தால் போகுமே" என்று உங்கள் மனதுக்குள் ஒரு குரல் சொல்லவில்லையா? சொன்னதென்றால், உங்கள் வீட்டு அலுமாரித் திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒருதரம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.