ஒலவாயிலிருந்து வந்த பதினொரு அதிகாரிகள்

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில், வாடகைக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், 'நட்புத் தீவுகள் பிரிவு' என்ற அரசு அலுவலகம் இயங்கி வந்தது. உலகத்துத் தீவுகளோடெல்லாம் நாம் நட்புக் கொள்ள வேண்டும் என்று எப்போதோ ஒரு கூட்டத்தில் யாரோ சொல்லி, சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் யாரும் மறுக்காமல் போக, உருவான அலுவலகம் அது. இணை இயக்குநர் கஸ்தூரிரங்கன், கண்காணிப்பாளர் சூடாமணி, டிரைவர் கபாலி, இவ்வளவுதான் ஆட்கள். எந்தத் தீவும் இவர்களுக்கு எழுதியதில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் 'நட்பு நல்ல நிலையில் உள்ளது' என்று மேலே அறிக்கை போய்க்கொண்டிருந்தது. சண்டை எதுவும் வராதவரை அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

இப்படியிருக்கையில், ஒரு ஐப்பசி மாதக் காலையில், ஒலவாய் என்ற தீவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சென்னையில் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம் என்று கேள்விப்பட்டோம், நேரில் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

சூடாமணி வரைபடத்தில் தேடினாள். பசிபிக் பெருங்கடலின் நடுவே, அச்சடித்தவர் கைதவறிப் பேனாவை வைத்துவிட்ட மாதிரி ஒரு புள்ளி. ஒலவாய் ஒரு பவளத்தீவு. உடைந்த வளையல் துண்டு போல வளைந்த மணல்திட்டு. நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். மலை கிடையாது, ஆறு கிடையாது. தீவிலேயே உயரமான இடம் தபாலாபீஸ் வாசற்படி. ஜனங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவு என்பதால், சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் சமாதானமாகிவிட வேண்டிய கட்டாயம். தீவு அவர்களுடையது அல்ல. எங்கோ குளிர்ப்பிரதேசத்திலுள்ள ஒரு பெரிய தேசத்துக்குச் சொந்தம். அந்தத் தேசம் ஒரு கவர்னரை நியமித்திருக்கிறது. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதால் தலைநகரிலிருந்தே ஆளுகிறார். தீவுக்காரர்கள் அந்தத் தேசத்தின் குடிமக்கள்தான், ஆனால் அதன் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

"ஓட்டு இல்லாம எப்படி?" என்று சூடாமணி வியந்தாள்.

"ஓட்டு வச்சிக்கினு நாம மட்டும் இன்னாத்த கிழிச்சிட்டோம்" என்றான் கபாலி.

யார் யார் வருகிறீர்கள் என்று சூடாமணி எழுதிக் கேட்டாள். தலைமைச் செயலர், நிதிச் செயலர், காவல்துறைத் தலைவர், தண்ணீர்ச் செயலர், துறைமுக அதிகாரி, தபால் அதிகாரி என்று ஆரம்பித்துப் பதினொரு பதவிகளைக் குறிப்பிட்டுப் பதில் வந்தது. கஸ்தூரிரங்கன் நெகிழ்ந்துபோனார். அடையாறில் ஒரு விருந்தினர் மாளிகையில் பதினொரு அறைகளும், பதினொரு கார்களும் ஏற்பாடாயின. தி.நகரில் ஆனந்தகுமார் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் பதினொரு பட்டுச் சால்வைகள் எடுத்தார்கள்.

விமானத்திலிருந்து ஒரே ஒருவர் இறங்கினார். பூப்போட்ட சட்டை, தோளில் ஒரு துணிப்பை, அகலமான சிரிப்பு. பெயர் தெவாரோ என்றார். ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"மற்ற அதிகாரிகள் எங்கே?" என்று கேட்டார் கஸ்தூரிரங்கன்.

"எல்லோரும் வந்துவிட்டோம்" என்றார் தெவாரோ. "நான்தான்."

அந்தத் தீவிலிருந்து வெளியே போய்ப் படித்து முடித்து ஊர் திரும்பியவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு பதவியும் காலியானபோது அவர் தலையில் வைத்துவிட்டார்கள். வாங்குவது என்னவோ ஒரே சம்பளம்.

கஸ்தூரிரங்கன் சூடாமணியைத் தூண் மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஏம்மா, பதினொரு பேருக்கு சாங்ஷன் வாங்கியிருக்கோம். இப்போ ஒருத்தர்னு எழுதினா, மீதி பத்துப் பேரை நாம என்ன பண்ணினோம்னு கேப்பா."

"அவங்க இல்லவே இல்லைன்னு எழுதலாமே சார்."

"இல்லாதவாளுக்கு எதுக்கு ரூம் போட்டேள்னு கேப்பா. வந்தது பதினொரு பேர். பார்க்கறதுக்கு ஒரே ஜாடையா இருக்கா. உறவுக்காரான்னு நீதானே சொன்னே."

எனவே விமான நிலைய வாசலில் தெவாரோவுக்குப் பதினொரு முறை வரவேற்பு நடந்தது. ஒவ்வொரு முறையும் அவர் உள்ளே போய் மறுபடி வெளியே வந்தார். நிதிச் செயலருக்குச் சால்வை போர்த்தும்போது முகம் மலர்ந்திருந்தது. துறைமுக அதிகாரிக்குப் போர்த்தும்போது வேர்த்துக் கொட்டியது. கார்கள் வரிசையாகப் புறப்பட்டன. முதல் காரில் தெவாரோ இருந்தார், மற்ற கார்களில் அவரது சால்வைகள் இருந்தன.

மறுநாள் அவர் சூடாமணியிடம் நேரடியாகவே கேட்டார். "மழைநீர் பிடிக்கும் வீட்டை எப்போது பார்க்கலாம்?"

"அது தண்ணீர்த் துறையோட சந்திப்பு. அடுத்த வாரம் வியாழக்கிழமை. இன்னைக்குக் காவல்துறை நாள்."

"தண்ணீர்ச் செயலரும் நான்தானே அம்மா. இதோ இருக்கிறேன்."

"வியாழக்கிழமைதான் இருப்பீங்க" என்று சொன்ன சூடாமணிக்கு, சொன்ன பிறகு நாக்கு கசந்தது.

காவல்துறைச் சந்திப்பில் அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, அதை உங்கள் தண்ணீர்ச் செயலர் எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்றார்கள். அங்கேயே ஒரு தாள் வாங்கித் தண்ணீர்ச் செயலர் என்று கையெழுத்துப் போட்டு நீட்டினார். இந்தத் தாள் காவல்துறைத் தலைவர் கையில் எப்படி வந்தது என்று கேட்டார்கள்.

அதற்குள் ஒலவாய் மோகம் சென்னையைப் பிடித்துக்கொண்டது. ஊர் ஒலவாய், ஆள் தெவாரோ. ஒன்று ஆலவாய், மற்றது தேவாரம், பாண்டியன் கப்பல் போன வழி இதுதான் என்று கஸ்தூரிரங்கன் மயிலாப்பூர் சபா ஒன்றில் சொற்பொழிவாற்றினார். ஆனந்தகுமார் அண்ணாச்சி ஒலவாய்ப் பட்டு என்று ஒரு புடவையை இறக்கினார். தீபாவளிக்கு விற்காமல் தங்கிய சரக்கில், முந்தானையில் ஒரு தென்னைமரம் மட்டும் புதிதாக ஒட்டியிருந்தது. "ஒலவாய்ல பொம்பளைங்க இதைத்தான் உடுத்துதாவளா?" என்று ஒரு அம்மா கேட்டதற்கு, "இனிமே உடுத்துவாவ, பாருங்க" என்றார் அவர்.

அடையாறில் 'தீவு வாழ்வு' என்ற பயிற்சி தொடங்கியது. பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் ஓலைப்பாயில் உட்கார்ந்து, நாள் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் சொட்டுச் சொட்டாகக் குடித்து மன அமைதி அடைந்தார்கள். தெவாரோவைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அவர் வெகுநேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கள் தீவில் எல்லோரும் இப்படித்தான் குடிக்கிறோம்" என்றார். "அமைதி வரவில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது காரில் அவர் முன் சீட்டில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அடையாறு பாலம் தாண்டும்போது சூடாமணி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"போன வருஷம் ஒரு பேரலை தீவின் மேல் ஏறிப் போனது" என்றார். "கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. பெரிய தேசம் மாதம் ஒரு கப்பலில் தண்ணீர் அனுப்புகிறது. அது பாதி மாதத்துக்குத்தான் வரும். என் பெண்ணுக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தது. அவளையும் என் மனைவியையும் அதே கப்பலில் ஏற்றி வேறு தீவுக்கு அனுப்பிவிட்டேன். தண்ணீர் இனித்தால் திரும்பி வருகிறோம் என்றாள் மனைவி."

சூடாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கபாலியிடம், "வண்டியை மயிலாப்பூருக்கு விடு" என்றாள்.

"இன்னிக்கு தபால் டிபார்ட்மென்ட் நாளாச்சே மேடம்."

"விடுன்னா விடு."

மயிலாப்பூரில் கஸ்தூரிரங்கன் குடியிருந்த அடுக்ககத்துக்கு, 'மழைநீர் சேகரிப்பில் முன்மாதிரி இல்லம்' என்ற பித்தளைப் பலகை கிடைத்திருந்தது. அவர்கள் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. வடகிழக்குப் பருவமழை எந்தத் துறையின் அனுமதிக்கும் காத்திருப்பதில்லை. சிறிது நேரத்தில் தெரு வாய்க்காலாகி, வாய்க்கால் ஆறாகி, ஆறு வாசற்படி ஏறியது. தெவாரோ அதில் முழங்கால் வரை நின்றுகொண்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தார்.

"இவ்வளவும் எங்கே போகும்?"

"கடலுக்கு" என்றார் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்திருந்து, குடையோடு இறங்கிய கஸ்தூரிரங்கன்.

"எல்லாமேவா?"

"இல்லை, கொஞ்சம் ஆத்து ஹாலுக்குள்ள வரும்."

"கோடையில் என்ன செய்வீர்கள்?"

"லாரியில வரும்."

"எங்களுக்குக் கப்பலில் வருகிறது" என்றார் தெவாரோ.

பின்புறம் போய்ச் சேகரிப்பைப் பார்த்தார்கள். மொட்டைமாடியிலிருந்து நீலக் குழாய் ஒன்று அழகாக இறங்கி வந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அதிலிருந்து கொட்டிய தண்ணீர் தெருவைப் பார்க்க ஓடியது. குழியின் சிமென்ட் மூடி மேல் செருப்பு ஸ்டாண்டும், யாரோ ஓட்டி அலுத்த உடற்பயிற்சி சைக்கிளும் இருந்தன.

"குழாய் ஏன் குழிக்குள் போகவில்லை?"

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரவா குழாய் இருக்கான்னு பார்ப்பா, குழி இருக்கான்னு பார்ப்பா. ரெண்டும் இருக்கே."

தெவாரோ சட்டையைக் கழற்றி சைக்கிள் மேல் போட்டார். சைக்கிளையே தூக்கி ஓரமாக வைத்தார். சூடாமணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூடியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். உள்ளே மூன்றாவது மாடிக்காரர் குளியலறையை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், ஜல்லி, ஒரு பழைய வாஷ்பேசின். கபாலி திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக வாரி வெளியே போட்டான். குடியிருப்பவர்கள் குடை பிடித்து நின்று, எதை முதலில் எடுக்க வேண்டும் என்று ஆலோசனை வழங்கினார்கள். கபாலி ஓடிப்போய் ஒரு துண்டுக் குழாய் வாங்கி வந்தான். பொருத்தியதும், தண்ணீர் குழிக்குள் தடதடவென்று இறங்கியது. வாசலில் ஏறிய வெள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. தெவாரோ ஈரத்தரையில் மண்டியிட்டு, பூமியில் காது வைத்துக் கேட்டார். எழுந்தபோது அழுதுகொண்டிருந்தார். மழையில் அது சூடாமணிக்கு மட்டும்தான் தெரிந்தது.

"யார் பர்மிஷன்ல இதெல்லாம்?" என்று கஸ்தூரிரங்கன் மெதுவாகக் கேட்டார்.

"ஒலவாயின் தண்ணீர்ச் செயலர்" என்றாள் சூடாமணி. "இன்னைக்கு அவருக்கு லீவு, இருந்தும் வந்திருக்கார்."

இரண்டு நாளில் தெவாரோ ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் அடுக்ககத்துக்கு, கட்டிட வரைபட ஒப்பீட்டுப் பிரிவிலிருந்து நோட்டீஸ் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட புகைப்படத்தில் குழாயானது தரைக்கு ஒரு சாண் மேலே முடிவடைகிறது என்றும், தற்போது அது குழிக்குள் செல்வதாகத் தெரியவருகிறது என்றும், இவ்விதிமீறலைச் சரிசெய்யாவிடில் முன்மாதிரி இல்லம் என்னும் தகுதி பறிக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.

குடியிருப்போர் சங்கம் கூடியது. சூடாமணி விடுப்புப் போட்டுவிட்டு வந்து கெஞ்சினாள். "நீங்களே பார்த்தீங்க. வெள்ளம் வடிஞ்சுது. எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"நல்ல காரியம்தான், இல்லைன்னு சொல்லலை" என்றார் மூன்றாவது மாடிக்காரர். "பக்கத்து பில்டிங்ல முதல்ல ஆரம்பிக்கட்டும்."

பக்கத்துக் கட்டிடத்துக்கும் போய்ப் பார்த்தாள். இந்தக் கட்டிடம் ஆரம்பிக்கட்டும் என்றார்கள். குழாய் மறுபடி ஒரு சாண் அறுக்கப்பட்டது. செருப்பு ஸ்டாண்டு தன் இடத்துக்குத் திரும்பியது. அன்று அலுவலகத்தில் சூடாமணி கேட்காமலேயே கபாலி டீ வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

சித்திரை வந்தது. ஊரெங்கும் போர்வெல்கள் காற்றைக் கக்கின. மயிலாப்பூரில் இணை இயக்குநர் விடியற்காலையில் குடத்தோடு லாரிக்கு நின்றார். அந்த நாட்களில் ஒன்றில்தான் தெவாரோவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தீவில் வீட்டுக்கு ஒரு குழி வெட்டியாயிற்று, எல்லாக் குழாயும் குழிக்குள்ளேதான் போகிறது, கிணறுகள் இனிக்கத் தொடங்கிவிட்டன, மனைவியும் பெண்ணும் வந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். சென்னையில் அந்தக் குழி எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தார்.

சூடாமணி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கஸ்தூரிரங்கனிடம் கொண்டுபோனாள்.

"பரிசீலனையில் உள்ளதுன்னு எழுதிடு" என்றார் அவர். அவள் அப்படியே எழுதினாள்.

மறுநாளே பதில் வந்தது. எனக்குப் புரிகிறது, அன்புக்குரிய சூடாமணி. இங்கே கிணறு இனிப்பானதை நாங்கள் கவர்னருக்குத் தெரிவித்துவிட்டோம். ஆனால் அந்தக் கோப்பு இன்னும் அவர் மேஜைக்குப் போய்ச் சேரவில்லையாம். அதனால் தண்ணீர்க் கப்பல் மாதாமாதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. எங்களுக்கு வைக்க இடமில்லை. அதை உங்கள் ஊருக்குத் திருப்பிவிடட்டுமா?

கஸ்தூரிரங்கன் வெட்கப்பட்டார் என்றே சூடாமணி முதலில் நினைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு செய்தியைத் தன் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு நிமிஷத்துக்குள் மூன்றாவது மாடிக்காரர் கேட்டார்.

"கப்பல் தெருமுனை வரைக்கும் வருமா, இல்லை நாமதான் குடத்தை எடுத்துண்டு போகணுமா?"

அதன் கீழே கட்டைவிரல்கள் மளமளவென்று உயர்ந்தன.

சூடாமணி தன் இருக்கைக்குத் திரும்பி, ஒலவாய் அரசின் பெருந்தன்மைக்கு நன்றி தெரிவித்துப் பதில் எழுதினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனவள் கொஞ்சம் தயங்கினாள். தி.நகரிலிருந்த அவள் வீட்டிலும் தண்ணீர் வந்து நாலு நாளாகியிருந்தது. தி.நகருக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போகுமாறு ஆவன செய்யவும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, அனுப்பினாள்.