லேசான துப்பாக்கியும் மெதுவான அண்ணாச்சியும்

ஒரு காட்டில், ஓடைக்கு மேல்கரையில், ஆறு பாத்தி சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு இசக்கி என்கிற கீரி குடித்தனம் நடத்திவந்தது. கடைக்காரர் சொன்ன விலைக்கு அது எதையும் வாங்கியதில்லை. நரியிடம் இரண்டு முறையும் கொக்கிடம் ஒரு முறையும் ஏமாந்து, அந்த ஏமாற்றத்தையே படிப்பாக வைத்துப் பிழைத்து வந்த கீரி. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். மழை பெய்து ஓய்ந்தால்கூட மேகத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுங்க" என்று சண்டைக்கு நிற்கும்.

அதற்கு இருந்த ஒரே தொல்லை, கோமதிநாயகம் என்கிற காட்டுப்பன்றி. கிழங்கு பருக்கிற வரைக்கும் பன்றி வரப்பில் நின்று நலம் விசாரிக்கும். பருத்த மறுநாள் மண்ணோடு புரட்டித் தின்றுவிட்டு, "இந்தத் தடவை இனிப்பு கொஞ்சம் கம்மி" என்று குறை வேறு சொல்லிவிட்டுப் போகும்.

இரண்டு போகம் இப்படியே போயிற்று. கிழங்கு போனால் மழைக்காலத்தில் கீரிக்குக் காட்டில் ஒன்றும் கிடைக்காது. டவுனுக்குப் போய் ஓட்டல் கொல்லைப்பக்கம் எச்சில் இலைக்கு நிற்க வேண்டும். போன வருஷம் அங்கிருந்த பூனைகள், "வாங்க, இந்த வருஷமும் வந்தாச்சா?" என்று மரியாதையாகக் கேட்டன. எச்சில் சோறு செரித்துவிட்டது. அந்த மரியாதைதான் இன்னும் செரிக்கவில்லை.

"மூணாவது தடவை அந்தப் பூனைக மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கீரி துப்பாக்கி வாங்கக் கிளம்பியது.

காட்டில் துப்பாக்கிக் கடை ஒன்றே ஒன்றுதான். ஆமை அண்ணாச்சி கடை. பலகையில் 'எடை குறைந்த ஆயுதங்கள்' என்று எழுதியிருக்கும். பிறந்ததிலிருந்து வீட்டையே முதுகில் சுமக்கிறவருக்குத் தெரியாத எடையா என்று எல்லாரும் அங்கேதான் போவார்கள். ஒரே குறை வேகம். அலமாரியில் ஒரு சாமான் எடுக்க அண்ணாச்சி திரும்பினால், வரிசையில் நிற்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். வரிசையில் நின்ற ஒரு நத்தை மட்டும், "நல்ல சுறுசுறுப்பான மனுஷன்" என்று பாராட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாதிரி வேணும் வே?" என்றார் அண்ணாச்சி.

"சாயங்காலம் பூரா வரப்புல தூக்கிட்டு நடக்கணும். என் தோளைப் பாருங்க, ஈரத்துண்டு போட்டாலே சரிஞ்சுடும். அதனால லேசா இருக்கணும். பார்க்க மிரட்டலா இருக்கணும். ஒரு குண்டு போட்டா போல்டை இழுத்துத் தள்ளி அடுத்த குண்டு போடுற ரகம் போதும். படபடன்னு சுடுறது தோட்டாவுக்குப் பிடிச்ச கேடு."

"அப்படியே செஞ்சு வெச்சது ஒண்ணு இருக்கு. ஆறு பாத்திக் கிழங்கு."

"என் வயலே ஆறு பாத்திதான்."

"அளவெடுத்துத் தெச்ச மாதிரி அமைஞ்சிருக்கு பாத்தீரா."

கீரிக்கு மூக்கு சிவந்தது. கிழங்கைக் காப்பாற்றத் துப்பாக்கி, துப்பாக்கிக்கு முழுக் கிழங்கு. இதற்குப் பன்றியே பரவாயில்லையே, அது வேலியையாவது விட்டுவைக்கும். "சேர்த்து வாங்க நான் என்ன கேணையா? பிரிச்சுப் போடுங்க. வேண்டியதை எடுத்து நானே மாட்டிக்கிறேன்" என்றது.

அண்ணாச்சி முதலில் தோளில் தாங்குகிற கட்டையை எடுத்து வைத்தார். தேக்குக் கட்டை ஒரு பாத்தி. கார்பன் கட்டை இரண்டு பாத்தி. தேக்கைக் கீரியால் அசைக்கவே முடியவில்லை. கார்பன் கட்டை ஒரு கையில் வந்துவிட்டது. ஆனால் அதில் வரிசையாக ஓட்டை.

"என்ன அண்ணாச்சி, பாதிக்குப் பாதி ஓட்டையா இருக்கு. ஓட்டைக்கும் நான் கிழங்கு தரணுமா?"

"ஓட்டைக்குத்தான் வே விலை. மிச்சம் இருக்கிறது சும்மா."

பேரத்தில் கீரியின் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. கடையைவிட்டு இறங்கி நடந்துவிடும். பத்தடி போவதற்குள் எந்தக் கடைக்காரனும் கூப்பிட்டு விலையைக் குறைப்பான். அன்றும் இறங்கி நடந்தது. காதைப் பின்பக்கம் தீட்டிக்கொண்டே நடந்தது. அண்ணாச்சியும் கூப்பிடத்தான் நினைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கீரி ஓடையைத் தாண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் தானே திரும்பி வந்து, "ஏதோ மறந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பாத்திக்கே கட்டையை எடுத்தது. போல்டும் விசையும் சேர்த்து இன்னொரு பாத்தி.

"அடுத்தது குழல்" என்றார் அண்ணாச்சி. "சன்னக் குழல், ரெண்டு பாத்தி. ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு உதைக்கும். உம்ம உடம்புக்கு, நீரு சுட்டா பன்றி நின்ன இடத்துல நிக்கும். நீருதான் அடுத்த காட்டுக்குப் போவீரு."

"அதுக்கு என்ன செய்ய?"

"கனமான துப்பாக்கியா வாங்கணும்."

கீரி பல்லைக் கடித்தது. அண்ணாச்சி நிதானமாகத் தொடர்ந்தார். "அப்புறம் குழல் இருந்தா லைசென்ஸ் வேணும். நாரை ஆபீஸ்ல படிவம் தருவாங்க. யாரைச் சுடப் போறீரோ அவரோட ரெண்டு போட்டோவும் சம்மதக் கையெழுத்தும் ஒட்டணும்."

கீரி கட்டையைப் பார்த்தது, குழலைப் பார்த்தது. யோசித்தது.

"உதைக்கிறது யாரால? குழலால. லைசென்ஸ் யாருக்கு? குழலுக்கு. கனம்? அதுவும் குழல். இவ்வளவு வில்லங்கம் பிடிச்ச சாமானுக்கு ரெண்டு பாத்தி வேறயா? குழல் வேண்டாம்."

"குழல் இல்லாட்டி சுடாதே வே."

"சுடாட்டி உதைக்காதுல்ல."

குறிபார்க்கிற தொலைநோக்கி ஒரு பாத்தி என்றார். குழலே இல்லாததற்குக் குறி எதற்கு என்று அதையும் தள்ளிவிட்டது. தோளில் மாட்டும் வாரைக் கொசுறாகப் பிடுங்கிக்கொண்டது. மூன்று பாத்தியில் முடித்துவிட்ட பெருமையில் அதன் வால் இரண்டு மடங்கு தடித்திருந்தது.

"வசூலுக்கு நானே வயலுக்கு வாரேன்" என்றார் அண்ணாச்சி. "இன்னொரு ஆள் வரேன்னு சொல்லியிருக்காரு. அவரை முடிச்சுட்டு இன்னைக்கே கிளம்பினாத்தான் அறுவடைக்கு வந்து சேர முடியும்."

வீட்டுக்கு வந்த கீரி, பப்பாளி மரத்தில் ஏறி நல்ல நீளமான இலைக்காம்பு ஒன்றை வெட்டியது. அடுப்புக்கரியைப் பூசி, கட்டையின் முனையில் செருகியது. இவ்வளவு லேசான குழல் அண்ணாச்சியின் கடையிலேயே கிடையாது.

மறுநாள் பொழுது சாயும் நேரம் கோமதிநாயகம் வந்தது. கீரி வரப்பின் மேல் ஏறி நின்று போல்டை இழுத்துத் தள்ளியது. சடக், சடக் என்று காடே கேட்கிற மாதிரி சத்தம்.

பன்றி நின்றது. ஓடவில்லை. அதன் தோளிலும் ஏதோ நீளமாகக் கிடந்தது. இறக்கி நீட்டியது. நிஜக் குழல். மேலே தொலைநோக்கி. பின்பக்கம் ஒன்றுமில்லை.

இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று குறிபார்த்துக்கொண்டு நின்றன.

"ஓய், உம்ம குழல்ல பால் வடியுது" என்றது பன்றி.

கீரி குனிந்து பார்த்தது. கரியைக் கரைத்துக்கொண்டு பப்பாளிப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. "உமக்குப் பின்பக்கத்தையே காணோம். பேச வந்துட்டீரு" என்றது.

"நீரு துப்பாக்கி வாங்கப் போனதா காடே பேசுச்சு. அப்ப எனக்கும் ஒண்ணு வேண்டாமா? நீரு இறங்கின கையோட நான் ஏறினேன். விசைக்குள்ள என் குளம்பு நுழையல. அதனால முன்பக்கம் மட்டும் வாங்கிட்டேன்."

"எதைக் கொடுத்து வாங்கினீரு?"

பன்றி வேறுபக்கம் பார்த்தது. "குழலுக்கு ரெண்டு, தொலைநோக்கிக்கு ஒண்ணு. மூணு பாத்தி."

"உமக்கு ஏது பாத்தி?"

"உம்ம பாத்திதான். வருஷா வருஷம் நான்தானே சாப்பிடுறேன். அந்த உரிமையில எழுதிக் கொடுத்துட்டேன்."

கீரி போட்ட சத்தத்தில் புளியமரத்து வௌவால்கள் நேரங்காலம் தெரியாமல் கிளம்பிவிட்டன. பன்றியின் குலத்தை ஏழு தலைமுறைக்குத் திட்டி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் கணக்கு உறைத்தது. தான் கொடுத்தது மூன்று. இது கொடுத்தது மூன்று.

"அப்ப நமக்கு என்ன மிச்சம்?" என்று பன்றி கேட்டது.

"வரப்பு."

பன்றி தன் வாழ்நாளில் கிழங்கில்லாத மழைக்காலத்தை யோசித்ததே இல்லை. "உம்ம பின்பக்கமும் என் முன்பக்கமும் சேர்ந்தா ஒரு முழுத் துப்பாக்கி ஆகுமே. அண்ணாச்சி வரட்டும், பார்த்துக்கலாம்" என்றது. மாட்டிப் பார்த்தார்கள். அச்சாகப் பொருந்தியது.

"தோட்டா எங்க?" என்றது கீரி.

"நீரு வாங்கியிருப்பீருன்னு நெனச்சேன்."

"குழலே வாங்காதவன் தோட்டா எதுக்கு வே வாங்கணும்?"

பன்றி வெறுமனே தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் பாதையைப் பார்த்தது. "அண்ணாச்சி கிளம்பிட்டாரு. கையில கோணி வெச்சிருக்காரு."

"எங்க வாராரு?"

"கடைப்படியில இறங்கிட்டு இருக்காரு."

"எத்தனாவது படி?"

"முதல் படி."

கீரிக்குத் தான் கடையைவிட்டு இறங்கி நடந்ததும், ஓடை தாண்டியும் குரல் வராததும் ஞாபகம் வந்தது. அதன் வால் மறுபடி தடித்தது. பன்றியை ஏற இறங்கப் பார்த்தது. ஒவ்வொரு போகத்தையும் ஒற்றை இரவில் புரட்டிய மூக்கு.

"நாயகம், சாப்பிட்டீரா?" என்றது.

அந்த மாதிரி அந்த வயலில் யாரும் பன்றியைக் கேட்டதில்லை. பன்றிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாதிக்குப் பாதி" என்றது கீரி. "நீரு தோண்டணும். உம்ம பங்கு உம்ம வயித்துல, என் பங்கு என் வளையில. பேரம் கிடையாது." என்றாலும் பேரம் நடந்தது. தோண்டுகிற கூலிக்குக் கொடியெல்லாம் தனக்கு என்று பன்றி கேட்டது, கீரி கொடுத்தது. குழலைக் கடப்பாரையாக்கினார்கள். ஓட்டைக் கட்டை மண் சலிக்க ஆயிற்று. கொசுறு வாரில் கிழங்கைக் கட்டி இழுத்தார்கள். நடுநடுவே தொலைநோக்கியில் அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காட்டில் எந்தத் துப்பாக்கியும் இவ்வளவு உழைத்ததில்லை.

அண்ணாச்சி வந்து சேர்ந்தபோது வயலில் ஒரு கொடிகூட இல்லை.

"கிழங்கு எங்க வே?"

"பன்றி தின்னுட்டாரு அண்ணாச்சி."

"துப்பாக்கி வெச்சிருந்தீரே?"

"வெச்சிருந்தேன். சுடலையே. என்ன சரக்கு விக்கிறீங்க?"

வரப்பில் படுத்திருந்த கோமதிநாயகம் தலையைத் தூக்கி, "எனக்கும் சுடல" என்றது.

அண்ணாச்சிக்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கீரி வளை வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. டவுனில், ஓட்டல் கொல்லைப்பக்கம், பூனைகள் ஒரு இலையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ரொம்ப நாள் வழி பார்த்துக்கொண்டிருந்தன.

நீதி: ஆயுதம் வாங்கும்போது பொருளின் எடையைப் பார்க்காதே, கடைக்காரரின் நடையைப் பார். அவர் மெதுவாக நடக்கிறவராக இருந்தால், எதிரியைச் சாப்பிடக் கூப்பிட நேரம் கிடைக்கும்.