நான்கு கிரெடிட் வேட்டைப் படலம்

அஞ்சலகத்துக் கோந்தே, காய்ந்துவிடாதே. முத்திரையே, மை குறையாதே. நூலில் கட்டிப்போட்ட பேனாவே, எழுத மறுக்கும் உன் பிடிவாதத்தை இந்தப் படலம் முடியும்வரை ஒதுக்கி வை. ஏனெனில் நாம் பாடப்போவது சாமானியக் கதையன்று. நடந்தால் தரை அறியாதவள், தும்மினால் தன் மூக்கு மட்டுமே அறிந்தவள், வருகைப் பதிவின்போது சொல்ல வேண்டிய ஒற்றைச் சொல்லையும் மூச்சோடு கலந்து சொல்லி, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் வராதவள் என்று குறிக்கப்பட்டவள், இக்காரணங்களால் விடுதித் தோழியரிடம் ‘பூனை’ என்னும் பட்டப்பெயரைப் பெற்றவள், சமூகவியல் இளங்கலை மூன்றாமாண்டின் கடைசி வாசலில் நின்று பட்டம் என்னும் கோட்டையை எதிர்நோக்கிய வீராங்கனை, அவள் நான்கு கிரெடிட்டுக்காக ஒரு பார்சல் கவுண்டரில் புரிந்த போரே நம் பாடுபொருள். வாழ்க அவள் மௌனம்.

கோட்டைக்கும் அவளுக்கும் நடுவே கிடந்த அகழி நான்கு கிரெடிட் அகலம். மற்ற எல்லாத் தாள்களிலும் வென்றிருந்தாள். சான்றிதழோடு வந்து சேரும்படி ஓர் அலுவலகம் வேலை ஆணையும் அனுப்பியிருந்தது. அந்தச் செய்தியை அவள் அம்மா கேட்டவர்களிடமும் கேளாதவர்களிடமும் சொல்லி முடித்துவிட்டதால் பின்வாங்கவும் வழியில்லை. அகழியைக் கடக்கத் துறையார் இரண்டு பாலங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். முதலாவது இன்டர்ன்ஷிப். ஒரு நல அமைப்பில் சேர்ந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவர்களிடம் உங்கள் வீட்டில் எத்தனை பேர், யார் யார் வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். நினைத்தபோதே பூனைக்கு உள்ளங்கை வியர்த்தது. அறைத்தோழி சுருட்டை அந்தப் பாலத்தில்தான் போனாள். போன அன்றே அவளை ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரு கதவையும் தட்டாமல், சிக்கிய தாளை உருவும் கலை ஒன்றிலேயே கரைகண்டு, நான்கு கிரெடிட்டையும் அள்ளிக்கொண்டு திரும்பினாள் அந்தப் பாக்கியவதி.

“சமூகம்னா என்னன்னு எனக்கு இப்பத்தான்டி புரிஞ்சுது,” என்றாள் கட்டிலில் சாய்ந்தபடி. “கீழ் ட்ரேயில தாள் வெச்சா சிக்காது.”

இரண்டாவது பாலம் ஆராய்ச்சி. பொது இடத்து வரிசையில் ஒருவர் குறுக்கே புகுந்தால் பின்னால் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். கேட்க வேண்டாம், பேச வேண்டாம், பார்த்தால் போதும். உலகத்துப் பேச்சாளர்களெல்லாம் பேசி வாங்கும் புகழை ஒரு பெண் பேசாமலே வாங்கலாம் என்று எழுதியிருந்த அந்த அறிவிப்பின் முன் பூனை கைகூப்பாத குறையாக நின்றாள். நெறிகாட்டிய பேராசிரியரும் ஒரே ஒரு விதியைத்தான் விதித்தார்.

“நீ அங்க இருக்கறதே யாருக்கும் தெரியக்கூடாது. ஃபேன் இருக்குல்ல, அது மாதிரி இரு.”

இதைவிட இனிய கட்டளையை எந்த வேந்தனும் எந்தப் படைக்கும் இட்டதில்லை.

களத்தை அவள் முன்னரே வேவு பார்த்திருந்தாள். அன்று கையில் நோட்டு இல்லை. அஞ்சலகத்தின் பார்சல் கவுண்டர் அன்று கடைசி ஊழிபோல் கொந்தளித்தது. முழங்கைகள் வேலாயின, அட்டைப்பெட்டிகள் கேடயமாயின. “ஒரே ஒரு கவர்தான் சார்” என்னும் அம்பும், “சும்மா ஒண்ணு கேக்கத்தான்” என்னும் ஈட்டியும் இடையறாது பறந்தன. தராசின் மீது ஒரே நேரத்தில் மூன்று பொதிகள் ஏறி, எதன் எடை எது என்று எழுத்தரே திகைத்து நின்றார். இவ்வளவு வளமான மீறல்கள் விளையும் நிலம் வேறெங்கும் இராது என்று பூனை தேர்ந்தாள். மறுநாள் காலை, கதவு திறந்த கணமே நுழைந்து, சுவரோரப் பெஞ்சின் மூலையில் அமர்ந்து, நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

அக்கணமே அந்தக் கூடத்தில் அறம் பிறந்தது.

முதலில் கண்டவர் யார் என்று வரலாறு குறித்து வைக்கவில்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், அந்தப் பொண்ணு ரகசியமா என்னமோ எழுதுது, மேலிடத்து ஆளா இருக்கும் என்று கிசுகிசுத்தார். காட்டுத்தீ அதைக் கண்டு வெட்கியிருக்கும்; செய்தி அத்தனை வேகத்தில் வரிசையின் வால்வரை போயிற்று. நூல் பிடித்தாற்போல் வரிசை நேரானது. தோளுக்கும் தோளுக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விழுந்தது. ஒருவர் தம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்வர, பின்னால் நின்றவர் அந்தப் பெட்டியைத் தம் பெட்டிக்கு முன்னால் காலால் தள்ளித் தள்ளி முன்னேற்றிக்கொண்டே வந்தார். மலைபோன்ற தோளுடைய ஒருவர், பழக்க தோஷத்தில் நேரே கவுண்டருக்கு நடந்து கண்ணாடியில் கையையும் வைத்துவிட்டார். பூனை நோட்டை நிமிர்த்தினாள். பேனா தாளைத் தொட்டது. அந்த மெல்லிய அசைவு அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. சூடுபட்டவர்போல் கையை எடுத்து, தெரியாமல் வந்துவிட்டதாக அவளைப் பார்த்தே சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் அடக்கமாக நின்றுகொண்டார்.

இவ்வாறு நாள்கள் கழிந்தன. துறவிகள் தவம் கிடந்தும் திருத்த முடியாத மாந்தர் குலத்தை ஒரு நோட்டு திருத்திவிட்டது. மக்கள் ஒருவரையொருவர், “நீங்க போங்க,” “பரவால்ல, நீங்க போங்க,” என்று வேண்டிக்கொண்டார்கள். அந்தக் காட்சியைக் கண்டிருந்தால் சான்றோர் கண்ணீர் உகுத்திருப்பார்கள். பூனையும் உகுத்தாள், வேறு காரணத்துக்காக. கூடத்தில் ஒழுக்கம் தழைக்கத் தழைக்க அவள் ஆராய்ச்சி பட்டுப்போய்க்கொண்டே வந்தது. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி மட்டும் அழகாக இருந்தது.

மதிப்பெண்களை அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், தோல்வியைத் தோளில் சுமந்தபடி அவள் பேராசிரியர் அறை வாசலில் நின்றாள். அவர் நோட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

“ஒருத்தர்கூட குறுக்க போகலையா?”

இல்லை என்று தலையசைத்தாள்.

“ஒண்ணாவது வேணும்மா. ஒண்ணுமே நடக்கலன்னு எழுதி நான் எப்படி நாலு கிரெடிட் போடறது?” மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “சரி. நாளைக்கு நீயே குறுக்க போ.”

“நானா சார்?”

அப்படி ஓர் ஆய்வு முறை இருக்கிறது என்று விளக்கினார். விதியை வேண்டுமென்றே மீறினால் மற்றவர்கள் கொதிப்பார்கள். அவர்கள் திட்டுவதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் போதும், அதுவே ஆராய்ச்சி. அவருக்கு அது எளிதாகத் தோன்றியது. திட்டு வாங்கப்போவது அவரல்லவே.

வெள்ளி விடிந்தது. பூனை உண்ணவில்லை. சுருட்டை ஜெராக்ஸ் கறை படிந்த தன் கையை அவள் தலையில் வைத்து, ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு நுழைந்துவிடு என்று வாழ்த்தி அனுப்பினாள். வழக்கம்போல் கதவு திறந்ததும் பெஞ்சில் அமர்ந்தாள். வரிசை வளர்ந்தது. வரிசையின் முன்னணியில், வெளியூரில் வேலை செய்யும் மகனுக்குப் பெரும்பொதி ஒன்றை அனுப்ப அன்றுதான் முதன்முறையாக வந்த, நோட்டின் புகழை இன்னும் கேள்விப்படாத அம்மாள், அந்தப் பொதியைக் கோட்டைச்சுவர்போல் முன்னிறுத்தி நின்றிருந்தார். பெருங்கடலைத் தாண்டத் துணிந்தவன் கரையில் நின்று மூச்சை இழுப்பதுபோல் பூனை மூச்சை இழுத்தாள், எழுந்தாள், நடந்தாள், நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பொதிக்கும் கவுண்டருக்கும் இடையே இருந்த கையகல இடத்தில், தன் வாழ்நாளின் முதல் குற்றமாகப் போய் நின்றாள்.

கூடம் மூச்சடைத்தது.

“ஏம்மா,” என்றார் பொதியம்மாள், “இங்க நிக்கிறவங்கல்லாம் உனக்கு மனுஷங்களா தெரியலையா?”

பூமாரி பொழிந்ததுபோல் இருந்தது பூனைக்கு. அந்த வசவின் ஒவ்வோர் எழுத்தும் அவள் காதில் கால் கிரெடிட்டாக விழுந்தது. இன்னும் நான்கு பேர் திட்டினால் பட்டம் உறுதி. பின்னாலிருந்து இரண்டு குரல்கள் எழத் தொடங்கின. அவள் பேனாவைத் திறந்தாள். அப்போதுதான், பத்து நாளாக அவளிடம் ஒரு சொல்லும் சொல்லாதிருந்த பார்சல் எழுத்தர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வாய் திறந்தார்.

“அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. தினமும் நான் கதவு தொறக்கும்போதே வந்துடுது. அதுக்கு முன்னாடி யாரும் வர்றதில்ல. கூச்சப்பட்டுட்டு அந்த மூலையிலயே ஒக்காந்திருக்கும். தானா எந்திரிச்சு வரட்டும்னுதான் நானும் பாத்துட்டே இருந்தேன்.”

யாருக்கும் தெரியாமல் பார்ப்பதற்காக அமர்ந்தவளை, அவளுக்கே தெரியாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் ஃபேன் மாதிரி. பொதியம்மாளின் முகம் நொடியில் கரைந்தது.

“பத்து நாளாவா? ஐயோ, நீ போ கண்ணு. முன்னாடி போ. யாராவது ஏதாவது சொல்லட்டும், நான் பாத்துக்கறேன்.”

குற்றம் குற்றமே அன்று என்று மக்கள் மன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்து, அவளைக் கை கொடுத்துக் கண்ணாடியின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. எழுத்தர் கனிவோடு குனிந்து, என்ன அனுப்ப வேண்டும் என்று கேட்டார். உலகில் யாருக்கும் அனுப்ப அவளிடம் எதுவும் இல்லை. பத்து நாள் தவத்தின் பயனாக அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

“ஸ்டாம்ப்.”

“அது அடுத்த கவுண்டர்மா.”

தோற்ற படை திரும்பும் நடையில் அவள் அடுத்த கவுண்டருக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். பார்சல் வரிசையின் புனிதம் இந்த மூலையை இன்னும் எட்டியிருக்கவில்லை. கால் மணி நேரம் போல நின்று, கால் மாற்றி நின்று, அவளுக்கு முன்னால் ஒரே ஒருவர் மிச்சமிருந்தபோது, கழற்றாத ஹெல்மெட்டே தலைக்கவசமாக, பைக் சாவியே கைவாளாக, ஒருவர் புயலெனப் புகுந்து அவளுக்கும் முன்னவருக்கும் நடுவே நின்றார். ஒரே ஒரு ஸ்டாம்ப்தான் என்றும் முழங்கினார்.

வானம் திறந்து வரம் இறங்கிய வேளை அது. பத்து நாளாக எந்த மீறலுக்காக ஏங்கினாளோ அது பளபளக்கும் முதுகோடு கையெட்டும் தொலைவில் நின்றது. அவள் இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சும்மா இருப்பது. அதில் அவளை வெல்ல மூவுலகிலும் ஆளில்லை. நகர்ந்து போய் ஓரமாக நின்றுகொண்டால் அவளுக்குப் பின்னால் நிற்பவர் கொதிப்பார், அவள் எழுதுவாள், அகழி மூடும், கோட்டைக் கதவு திறக்கும், அம்மா சொன்ன சொல் நிற்கும். ஆனால் கால் வலித்தது.

“சார், வரிசையில வாங்க.”

யார் குரல் என்று அவளே திரும்பிப் பார்த்தாள். முத்திரை குத்தும் ஓசை நின்றது. பார்சல் வரிசை முழுதும் தலை திருப்பியது. பொதியம்மாள் பொதியை மறந்தார். கவசத்தலையர் திடுக்கிட்டு, “ஸாரிம்மா, கவனிக்கல,” என்று முணுமுணுத்து, கொடி தாழ்த்திய கப்பல்போல் விலகி, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அதன்பின், முதல் மீறலை வரிசையே மன்னித்துவிட்டது, அடுத்து மீறியவர் பின்வாங்கிவிட்டார், பின்னால் நின்று தடுத்தவரோ ஆராய்ச்சியாளரே, ஆகவே அங்கு ஆராய எதுவும் மிஞ்சவில்லை என்று பேராசிரியர் வகுத்துரைத்த தீர்ப்பும், நீ பேசினாயாமே என்று சுருட்டை விடுதியின் மூன்று மாடிகளுக்கும் பறைசாற்றிய வெற்றியும், தடைகள் அனைத்தும் தகர்ந்து தொண்டை திறந்த அந்தப் பெருமகளின் புகழும் திசையெங்கும் பரவின. கூடத்தில் நீதி நிலைநின்றது. இரு வரிசைகளும் இனிது நகர்ந்தன.

அந்த நாலு கிரெடிட் மட்டும் வரவில்லை.