சொன்ன தேதி டெய்லர்ஸ்

ஒரு காட்டில், அதாவது எல்லா நீதிக்கதையும் நடக்கிற அதே காட்டில்தான், ஈஸ்வரமூர்த்தி என்றொரு முள்ளம்பன்றி புதிதாக டெய்லர் கடை போட்டது.

அதுவரை அது காட்டுப்பன்றியிடம் கிழங்கு தோண்டுகிற வேலையில் இருந்தது. பொழுதுக்கும் மூக்கில் மண், காதில் வசவு. "உடம்பு பூரா ஊசி வெச்சுட்டு அந்தாளுகிட்ட எதுக்குங்க பேச்சு வாங்கறீங்க? சொந்தமா ஒரு கடை போடுங்க" என்றது அதன் பெண்சாதி பாவாத்தாள். ஈஸ்வரமூர்த்தியும் ரோஷமாக வேலையை விட்டது. காட்டுப்பன்றி கோபப்படவில்லை, சிரித்தது. "தீபாவளி வரைக்கும் பார்க்கறேன். கடை ஓடலைன்னா இந்தக் குழிக்குத்தானே வரணும்? வா, வா." அந்தச் சிரிப்பை ஈஸ்வரமூர்த்தியால் தாங்க முடியவில்லை. செத்தாலும் அந்தக் குழியில் திரும்ப இறங்குவதில்லை என்று சத்தியம் செய்தது.

கடைக்குச் 'சொன்ன தேதி டெய்லர்ஸ்' என்று பெயர் வைத்தது. பாவம், தொழிலுக்குப் புதுசு.

முதல் வாடிக்கை புள்ளிமான் ருக்குமணி. ரவிக்கைத் துணி கொடுத்தது. "வெள்ளிக்கிழமை வாங்கக்கா" என்றது ஈஸ்வரமூர்த்தி. வெள்ளிக்கிழமை சண்டைக்குத் தயாராக வந்த ருக்குமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரவிக்கை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சுதுங்கக்கா."

"கொக்கி?"

"வெச்சாச்சுங்க."

ருக்குமணி ரவிக்கையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தது. ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதுதான் அதற்கு ஆறவேயில்லை. நேரே ஆற்றங்கரைக்குப் போய், "அந்த முள்ளம்பன்றிக்கு வேலையே இல்லை போல. என் ஒத்த ரவிக்கையை வெச்சுட்டு உட்கார்ந்திருக்குது" என்றது. "நல்லாத் தைக்கறவன் கடைன்னா கூட்டம் இருக்காதா?" என்றது கீரி. அவ்வளவுதான். மறுநாள் கடைக்கு ஈ காக்கா வரவில்லை. காட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை, இருந்தும் வரவில்லை.

எதிர்க் கடை கரடி கருப்பண்ணனுடையது. அங்கே போன வருஷத் தீபாவளித் துணியே இன்னும் மூட்டையாகக் கிடந்தது. ஆனால் வாசலில் நிற்க இடமில்லை. ஒரே கூச்சல்.

ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குப் போய் அழுதேவிட்டது. "நேரத்துக்குக் கொடுத்தது ஒரு தப்பா, பாவாத்தா?"

பாவாத்தாள் போய்க் கரடி கடை வாசலில் அரைநாள் நின்றுவிட்டு வந்தது. "ஏனுங்க, அங்க நிக்கறதுல முக்காவாசி, கொடுத்த துணியைத் திரும்ப வாங்க வந்ததுங்க. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் புதுசா வர்றவங்க வர்றாங்க. நீங்க ஒரே நடையில கொடுத்து அனுப்பிட்டா, கூட்டம் எங்கிருந்துங்க வரும்?"

"அதுக்காகப் பொய் சொல்லச் சொல்றியா?"

"காஜா மட்டும் பாக்கின்னு சொல்லுங்க. அதுக்குப் பேர் பொய்யில்லை, தொழில்."

காஜா என்பது சட்டையில் பட்டன் நுழைகிற சின்ன ஓட்டை. உலகத்தில் எந்தச் சட்டை தாமதமானாலும் காரணம் அதுதான். எனக்கும் ஒரு டெய்லர் இருக்கிறார், அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

ஈஸ்வரமூர்த்திக்கு மனசாட்சி குத்தியது. குத்துவது முள்ளம்பன்றிக்குப் புதுசா என்ன? பொறுத்துக்கொண்டது. கரடி கடையில் இடம் கிடைக்காத முயல், குழந்தைச் சட்டைக்குத் துணி கொண்டுவந்தது. ஈஸ்வரமூர்த்தி அன்றே தைத்துப் பெட்டியில் ஒளித்துவைத்துவிட்டு, "காஜா மட்டும் பாக்கிங்க. நாளைக்குக் காலைல முதல் வேலை உங்களுதுதான்" என்றது. முயல் தினமும் வந்தது. போன் அடித்தது, ஈஸ்வரமூர்த்தி எடுக்கவில்லை. கடைசியில் சட்டை கைக்குக் கிடைத்தபோது குழந்தை வளர்ந்திருந்தது. முயல் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, கையோடு புது அளவும் கொடுத்துவிட்டுப் போனது.

அந்தச் சத்தத்துக்குக் கீரி எட்டிப்பார்த்தது. கீரியைப் பார்த்துக் குரங்கு வந்தது. வாசலில் பெஞ்சு போடவேண்டியதாயிற்று. "லேசுல துணி வாங்க முடியாதாம், பெரிய கைராசிக்காரர்!" என்று ருக்குமணியே இரண்டாவது ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தது.

இப்படி ஜோராக ஓடிக்கொண்டிருந்த கடையில் ஒருநாள் கூச்சல் சட்டென்று நின்றது. புலி வந்திருந்தது.

"கட்டம் போட்ட துணி. கோடு எனக்கு உடம்புலயே இருக்கு. தீபாவளிக்கு முந்தின நாள் சட்டை வேணும். புதுச்சட்டை போட்டுட்டுத்தான் விருந்து."

"விருந்துக்கு யார் யாருங்க சாமி?"

புலி பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தது. "இவங்கதான்" என்றது.

பயத்தில் ஈஸ்வரமூர்த்தி அன்று சாயங்காலமே சட்டையைத் தைத்து முடித்துவிட்டது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தது. சட்டையைக் கொடுத்தால் இருக்கிற வாடிக்கை பூராவும் புலியின் வயிற்றுக்குப் போய்விடும். பிறகு யாருக்குத் தைப்பது? நேரே கிழங்குக் குழிதான். கொடுக்காவிட்டால் முதல் பந்தி ஈஸ்வரமூர்த்தியேதான். பாவாத்தாளுக்கும் யோசனை ஒன்றும் ஓடவில்லை.

சொன்ன நாளில் புலி வந்தது. "எங்கடா என் சட்டை?"

ஈஸ்வரமூர்த்தி சட்டை இருந்த பெட்டியைப் பார்த்தது. பெஞ்சைப் பார்த்தது. முயலும் கீரியும் ருக்குமணியும் கொடுத்த துணியை விட்டுப் போக மனசில்லாமல் உட்கார்ந்திருந்தன. வருவது வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டது.

"காஜா மட்டும் பாக்கிங்க சாமி."

புலி உறுமிய உறுமலில் மரத்திலிருந்து குரங்கு விழுந்தது. "உன்னைக் கிழிச்சுப் போட்டுருவேன்!"

"கிழிங்க சாமி. ஆனா துணி எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். எதிர்க் கடைக்குப் போனீங்கன்னா அடுத்த தீபாவளிக்குத்தான்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. நல்ல விலையுள்ள துணி. வீட்டில் வேறு பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தது. நம் துணி ஒருத்தர் கடைக்குள்ளே மாட்டிக்கொண்டால் நமக்கே குரல் இறங்கிவிடுகிறதே, புலிக்கு இறங்காதா?

"சரி... எப்பத்தான்பா கிடைக்கும்?"

"நாளைக்குக் காலைல வாங்க. முதல் வேலை உங்களுதுதான்."

புலி மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. தீபாவளி போனது, பொங்கலும் போனது. பழைய கோலத்தில் விருந்து வைத்தால் மானம் போய்விடும் என்று விருந்தைத் தள்ளிக்கொண்டே வந்தது. பசிக்குப் பக்கத்துக் கடைப் போண்டாவைத் தின்றது. புலியே காத்திருக்கிற கடை என்று பேர் பரவி, ஈஸ்வரமூர்த்தி இரண்டாவது மெஷின் வாங்கிப் போட்டது.

ஒருநாள் புலி அலுத்துப்போய் பெஞ்சில் உட்காரப் போனது. ருக்குமணி நடுங்கிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"நீ எப்பத் தாயி குடுத்தே?" என்று கேட்டது புலி.

"ஆவணிலங்க சாமி. ரெண்டு கல்யாணம் போயிருச்சு."

"அட, நாசமாப் போறவன்!" என்றது புலி. அதற்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. தன் போண்டாவில் பாதியைப் பிட்டு ருக்குமணியிடம் நீட்டியது. பிறகு இரண்டும் தோளோடு தோள் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை டெய்லரைத் திட்டிக்கொண்டிருந்தன.

நீதி: வேலையைச் சொன்ன தேதியில் முடித்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். தொழில் நிலைக்க வேண்டுமானால் அவர் துணியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புலியும் போண்டா தின்னும்.