நார் பிரிக்கும் மிஷினும் என் நீளச் சடையும்

பொய் முடி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை என்பது என் கட்சி. பல் கட்டிக்கொள்கிறோம், நரைக்கு மை பூசிக்கொள்கிறோம், முடி மட்டும் என்ன பாவம் செய்தது? ஆனால் வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்கிறோம் என்று யோசிக்கக் கொஞ்சம் புத்தி வேண்டும். அந்த வயதில் எனக்கு முடியும் குறைவு, புத்தியும் குறைவு.

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. கோத்தகிரிப் பக்கம் எங்கே பார்த்தாலும் பறிக்க ஆளில்லாமல் இலை முற்றி நின்றது. என் அப்பா ஒரு சின்ன டீ பாக்டரியில் பச்சை இலை ஏற்றும் லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் பாக்டரி ஓடாது, அதனால் லாரியும் ஓடாது. அப்பா அதைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். (துடைக்கிற துடைப்பில் பெயிண்ட் போய்விடும் என்று அம்மா கவலைப்பட்டாள்.) தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. பி.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னையும் அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. எனக்கு மலையை விட்டு இறங்கவே பிடிக்கவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டினாலே எனக்கு வியர்வையும் அழுகையும் ஒன்றாக வரும்.

அந்த நேரத்தில் பாக்டரி முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. ஏலத்தில் போகாத தூளை, ஊட்டி பார்க்க வருகிறவர்களிடம் விற்றால் என்ன? அவர்களுக்குப் பாக்டரியைச் சுற்றிக் காட்டி விளக்கம் சொல்ல ஒரு பெண் வேண்டும். போட்டிக்கு இரண்டு பேர் வந்தோம். நான் ஒருத்தி, பக்கத்து லைன் வீட்டில் இருந்த சாந்தி ஒருத்தி. இலை எந்த மிஷினில் நுழைந்து எந்த மிஷினில் தூளாக வருகிறது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் நான் சொல்வேன். சாந்திக்கு டீ குடிக்கத் தெரியும். ஆனால் அவளுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் சடை இருந்தது.

"வர்றவங்க போட்டோ புடிப்பாங்க அம்மிணி. சேலை, நீளச் சடை, மல்லிப்பூவுன்னு லச்சணமா இருக்கோணும்" என்றார் முதலாளி, என் எலிவாலைப் பார்த்தபடி. "இந்த ஞாயித்துக்கெழம நீ. அடுத்த ஞாயித்துக்கெழம சாந்தி. யாரு வந்தப்ப தூளு நல்லா விக்குதோ அவங்களுக்கு வேலை."

மறுநாளே குன்னூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே மாடியில் ஒரு அழகு நிலையம். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்தில் வைக்கிற சவுரிதான். அங்கே கிளிப் வைத்த முடி வந்திருந்தது. அந்த அக்கா என் தலையில் அதைக் கடிக்க வைத்து, என் முடியோடு சேர்த்துப் பின்னி, நுனியை மட்டும் ஒரு சாண் விரித்துவிட்டார். "இதுதானுங்க இப்ப பேஷன். கட்டின புருசனுக்கே தெரியாதுங்க" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். சாந்தி ஒழிந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். அது அசல் முடி என்று அந்த அக்கா சொன்னார். நைலான் என்று பிறகு ஒரு மிஷின் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளிரில் கட்டியாகிப் போன தேங்காய் எண்ணெயை அடுப்போரம் உருக்கி, அம்மா என் சொந்த முடிக்கு மட்டும் தடவி, வாங்கி வந்த கிளிப் முடியைச் சேர்த்துப் பின்னி, நுனியை அதே மாதிரி விரித்துவிட்டாள். "சடையை முன்னால போட்டுக்க கண்ணு, அப்பத்தான் எல்லாரும் பாப்பாங்க" என்று யோசனையும் சொன்னாள். அதற்கு அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் வேன் வந்தது. அதில் மதுரையில் மெஸ் நடத்தும் ஒரு அம்மா இருந்தார். வந்ததில் இருந்து சந்தேகம். "ஏம்மா, டீத்தூளுல புளியங்கொட்டைத் தோலைக் கலக்குறாய்ங்களாமே, நெசமா?" இலையை வாட்டும் இடத்திலும் அதே கேள்வி. அரைக்கும் இடத்திலும் அதே கேள்வி. முதலாளியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அந்த அம்மா வாங்கினால் மூட்டையாக வாங்குவார், வாங்காவிட்டால் வேனில் வந்த மற்றவர்களையும் வாங்க விடமாட்டார்.

கடைசியில் சலிக்கும் அறை. எனக்கு ரொம்பப் பிடித்த மிஷின் அங்கேதான் இருந்தது. தூள் ஓடும் தட்டுக்கு மேலே வரிசையாக உருளைகள் சுற்றும். அவை கம்பளித் துணியில் உரசி உரசி மின்சாரம் ஏறி, தூளில் கிடக்கும் நாரை மட்டும் மேலே இழுத்துக்கொள்ளும்.

"சின்ன வயசுல சீப்பைத் தலையில தேய்ச்சுக் காகிதத்தை ஒட்ட வெப்பமில்லீங்களா, அதே மாதிரிதானுங்க" என்று நான் சிரித்தேன். "டீத்தூளைத் தவிர எது வந்தாலும் இது விடாதுங்க." சொல்லிவிட்டு, ஒட்டிய நாரைக் காட்டுவதற்காகக் குனிந்தேன். (சீப்பையும் தலையையும் சேர்த்து விளக்கிய எனக்கு அந்த நிமிஷம் என் தலை ஞாபகத்தில் இல்லை.)

விரித்துவிட்டிருந்த நுனி முடி மெல்ல எழுந்தது. உருளையில் போய் ஒட்டியது. உருளை தன் வேலையைச் செய்தது. உச்சந்தலையில் சுளீர் என்றது. "ஐயோ!" என்று நான் பின்னால் துள்ள, கிளிப் எல்லாம் படபடவென்று வாயைத் திறந்துகொள்ள, என் நீளச் சடை மல்லிப்பூவோடு மிஷினில் சுற்ற ஆரம்பித்தது. என் தோளில் மிச்சம் இருந்தது எலிவால்.

லாரி ஓடாததால் வெளியே பாக்கெட் எடை போட்டுக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டு ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். என் தலையைத் தடவிப் பார்த்தார். ரத்தம் இல்லை என்றதும் சடையை உருவி எடுத்து, தூள் போக உதறி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "இந்தா கண்ணு, பூவு மட்டும் கசங்கிப் போச்சு" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே வெளியே ஓடினேன். திருப்பூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பின்னாலேயே மதுரை அம்மாவின் குரல் கேட்டது.

"ஆத்தாடி! தலையில இருந்த போலியவே இழுத்துப்புடுச்சே. தூளுல இருந்தா விடுமா? எனக்கு ஒரு மூட்டை கட்டுங்கய்யா!"

வேன் மொத்தமும் வாங்கியது. பாக்கெட் போடும் காகிதம் தீர்ந்து, அப்பா பழைய பேப்பரில் கட்டிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு சாந்தி வந்தாள். அவளையும் முதலாளி ஆசையோடு மிஷின் பக்கம் நிறுத்திப் பார்த்தாராம். எண்ணெயில் ஊறிக் கனத்த அசல் சடையை மிஷின் சீண்டவே இல்லை. வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள், தூள் வாங்கவில்லை. திங்கட்கிழமை முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மிணி, அந்த முடி பத்திரமா இருக்குதா?"

வேலை கிடைத்தது. தலையோடு மிஷின் கிட்டப் போகக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஒவ்வொரு ஞாயிறும் ஊர் பேர் தெரியாத ஜனங்கள் முன்னால் நானே கையைப் பின்னால் விட்டு, கிளிப்பைக் கழற்றி, சடையை மிஷினுக்கு நீட்டுவேன். கைதட்டுவார்கள். விலை ஏறி, பாக்டரி முழு நேரமும் ஓடத் தொடங்கும் வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த அவமானத்தில்தான்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் அளந்துவிட்டாலும், "ரோலர் பக்கம் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்பார்கள். போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா தன் மகனின் படிப்பு, சம்பளம், வாங்கப் போகும் வீடு, வேண்டாம் என்று விட்டு வந்த அமெரிக்கா என்று நிறுத்தாமல் பேசினார். மூலையில் உட்கார்ந்திருந்த என் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க, மாப்பிள்ளையை ஒருக்கா எங்க டீ பாக்டரிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வரட்டுங்களா?"

"தாராளமாங்க. அவன் அதெல்லாம் பார்த்ததே இல்லீங்க" என்றார் அவர்.

அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். என் மகள் அவள் பின்னாலேயே ஓடினாள். பெண்ணுக்கு வெட்கம் என்று அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.