லண்டன் பூச்சிக்கு அடையாள அணிவகுப்பு

கண்டியிலே சிகரெட்டை விட்ட ஆம்பிளைகளுக்குப் பரிசு கொடுத்தால் முதல் பரிசு எனக்குத்தான். பதினொரு தடவை விட்டிருக்கிறேன்.

பதினோராவது தடவை என் மனைவி துஷ்யந்தி நிபந்தனை போட்டாள். "இனிமே ஒண்ணு பத்த வச்சீங்க, தெல்தெனியவில இருந்து அம்மா வந்து மூணு மாசம் இங்க தங்குவாங்க."

என் மாமியாருக்கு மோப்பம் அபாரம். எங்கள் அம்பிட்டிய சந்தியில் ஒருத்தன் சுருட்டுப் பிடித்தால் தெல்தெனியவில் அவர் தும்முவார். அன்றைக்கே திருந்திவிட்டேன். மூன்று வாரம் திருந்தியே இருந்தேன்.

போன பௌர்ணமிப் போயா லீவில், பக்கத்து வீட்டு இப்திகாரோடு மதில் ஓரம் நின்று ஒன்றே ஒன்று பற்ற வைத்தேன். குளிருக்கு, துஷ்யந்தியின் தம்பி கிருஷ்ணராஜ் லண்டனிலிருந்து அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன். நெருப்பு நேராக நெஞ்சில் விழுந்தது. பாக்கு அளவுக்கு ஓட்டை! ஸ்வெட்டரைச் சுருட்டி அலுமாரிக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் காலை துஷ்யந்தி சொன்னாள். "தம்பி பத்து மணிக்கு வீடியோ கோல்ல வர்றான். ஸ்வெட்டரைப் போட்டுக் காட்டுங்க."

மதிலுக்கு ஓடினேன். இப்திகார் அசரவில்லை.

"பூச்சி அரிச்சதெண்டு சொல்லு மச்சான். லண்டன் பார்சலோட வந்த பூச்சி. பழி உன்ட மச்சினனுக்குப் போகும்."

என்ன மூளை! போனில் தேடினேன். இங்கிலாந்து அந்துப்பூச்சி ஒன்று வந்தது. மண்ணிற முன்சிறகில் கஜு மாதிரி, முந்திரிப்பருப்பு வடிவத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு வட்டம். பின்சிறகு நல்ல மஞ்சள், ஓரத்தில் கறுப்புப் பட்டி. பாத்ரூம் பல்புக்குக் கீழே செத்துக் கிடந்த நம்ம ஊர்ப் பூச்சிக்குக் கஜுவும் இருந்தது, வட்டமும் இருந்தது. பின்சிறகுதான் வெளிறிக் கிடந்தது. அதனால் என்ன? குசினியில் மஞ்சள் தூள் இருக்கிறது. துஷ்யந்தியிடம் கண்மை இருக்கிறது. மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, தீக்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டு, அரை மணிநேரத்தில் ஒரு வெள்ளைக்காரனை உண்டாக்கிவிட்டேன்.

"துஷ்யந்தி! இந்த அநியாயத்தைப் பார். உன் தம்பி பார்சலோட பூச்சியும் அனுப்பியிருக்கான். ஸ்வெட்டரைத் தின்னுடுச்சு!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சவர்க்காரக் கையோடு வந்தாள். கோபமே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"லண்டன் பூச்சின்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"இந்தா, போன்ல படம். ஒண்ணொண்ணா ஒத்துப் பார்."

"கஜு?"

"இருக்கு."

"வட்டம்?"

"பக்கத்திலேயே."

"கறுப்புப் பட்டி? அட, என் கண்மை மாதிரியே இருக்கே!"

"அந்த ஊர்க் கறுப்பு அப்படித்தான்."

"மஞ்சள்?"

"பளிச்சுன்னு இல்லையா?"

"ஆமாங்க. பருப்புக்கறி மாதிரி இருக்கு," என்று ஈர விரலால் சிறகை மெல்லத் தொட்டாள்.

சிறகு சிவந்தது.

கறி கொட்டின சட்டைக்குச் சவர்க்காரம் போட்டால் மஞ்சள் கறை சிவக்கும். யாருக்கும் தெரியும். இந்த வீட்டில் எட்டு வருஷமாகத் துணி துவைக்கிறவனுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். துவைக்கிறவன் நான்தான்.

"பாருங்க, பூச்சிக்கு வெக்கம் வந்திடுச்சு," என்றாள். "பொய் சொன்னது நீங்க. வெக்கப்படுறது அது."

வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். மாமியார் இறங்கினார். பெட்டி இரண்டு. இறங்கினதும் மூக்கை உறிஞ்சினார்.

"அடிப்பாவி! அதுக்குள்ள எப்படி வந்தாங்க?"

"நேத்தே அலுமாரிக்கு அடியில கூட்டுறப்போ ஸ்வெட்டரைப் பார்த்தேன். நேத்தே போன் பண்ணிட்டேன்."

"அப்போ எதுக்கு தாயே கஜு, வட்டம்னு இவ்வளவு நேரம் பார்த்தே?"

"பாவம், அரை மணிநேரம் உட்கார்ந்து ஆசையா வர்ணம் பூசினீங்க. பார்க்காம விட்டா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"