எட்டாவது கோடு

நாட்டுக்குள் கோட்டைகள், கோட்டைக்குள் தெருக்கள், தெருவுக்குள் வீடுகள், வீட்டுக்குள் அறைகள் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருந்ததால் அதற்குப் பெட்டகநாடு என்று பெயர். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு மணி தொங்கியது. அறையில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அங்கிருப்பவர் மணியை அடிப்பார். அதைக் கேட்டு வீட்டு மணி ஒலிக்கும், பிறகு தெரு மணி, கோட்டை மணி, கடைசியாக அரண்மனை மணி.

அரண்மனையில் தலைமை வரைவாளர் நாட்டின் வரைபடத்தைத் திருத்துவார். உடனே நாடு முழுவதும் இடிக்கப்பட்டு, புதிய வரைபடத்தின்படி மீண்டும் கட்டப்படும். ஒரு ஜன்னலை மட்டும் மாற்றுவது மற்ற ஜன்னல்களுக்கு இழைக்கும் அநீதி என்று சட்டம் சொன்னது. சோறு வேகும் நேரம்தான் ஆகும். அதுவரை மக்கள் ஆற்றுமணலில் நிற்பார்கள். திரும்பி வந்தால் எல்லாம் புதிதாக இருக்கும். வரைபடத்தில் இல்லாதது மட்டும் இருக்காது.

முதல் தெருவில் ஆதிரை என்பவள் வாழ்ந்தாள். அவளுடைய நான்கு வயது மகள் தும்பிக்குக் கால்களில் வலு இல்லை. மழைக்காலத்துக்குள் நடக்காவிட்டால் கால் அப்படியே முடங்கிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தும்பி சுவரைப் பிடித்து நடந்து எட்டிய இடத்தில் ஆதிரை தரையில் கரிக்கோடு போடுவாள். மறுநாள் குழந்தை அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டு இன்னும் ஓரடி வைக்கும். அப்படி ஏழு கோடுகள் சேர்ந்தன.

அன்று தூரத்துக் கோட்டையில் யாரோ சட்டை மாட்ட ஓர் ஆணி கேட்டார்கள். நாடு புதிதானது. தும்பி வெறுந்தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து எங்கேம்மா?" என்று கேட்டாள்.

கோடுகளையும் வரைபடத்தில் சேர்க்கும்படி ஆதிரை மணியடித்து மனுச் செய்தாள். அந்த மணிக்கும் நாடு ஒருமுறை இடிந்தது. "கோடு தினந்தோறும் மாறுகிறது. மாறுவதையெல்லாம் ஏற்றினால் வரைபடத்தின் மாண்பு என்னாவது?" என்று வரைவாளர் பதில் அனுப்பினார். மற்றவர்களும் புகார் சொன்னார்கள். ஒவ்வொரு புகாருக்கும் நாடு ஒருமுறை புதிதானது.

மக்களின் மனக்குறை மன்னரை வருத்தியது. கட்டி முடித்ததும் எல்லோரும் நன்றி மணி அடிக்க வேண்டுமென்று ஆணையிட்டார். நன்றிக்கும் குறைக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே நன்றி மணி கேட்டதும் நாடு இடிந்தது. கட்டியதும் நன்றி மணி ஒலித்தது. இதை இடைவிடாத வளர்ச்சி என்று அவையில் அறிவித்தார்கள். தும்பிக்கு முதல் கரிக்கோட்டைத் தாண்டவே நேரம் இருக்கவில்லை. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

முதல் தெருவின் மணிக்காரர் கடம்பர். நன்றி மணியை அவர் அடித்த பிறகே மற்றத் தெருக்கள் எந்த மணியையும் அடிக்கலாம் என்பது அந்நாட்டு மரியாதை. ஒருநாள் அவர் நன்றி மணிக் கயிற்றைத் தொட்டபோது ஆதிரை ஓடி வந்தாள்.

"அண்ணே, இன்னிக்கு ஒருநாள் மேல அனுப்பாதீங்க."

"அனுப்பலேன்னா வேலை போயிரும்மா."

"போனா எங்க வீட்ல சாப்பிடுங்க."

"உன் சமையலை நம்பி வேலையை விடுறதா?" என்றார் கடம்பர். ஆனால் தோள் துண்டை எடுத்து மணியின் நாக்கில் சுற்றிக் கையால் பிடித்துக்கொண்டார்.

மற்றத் தெருக்காரர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். காத்திருப்பது பழகிவிட்டது. மாலையில் யாரோ கதவு கிறீச்சிடுகிறது என்று வந்தபோது, கடம்பர் எண்ணெய்க் கிண்ணத்தோடு தானே போனார். அதைப் பார்த்த மற்ற மணிக்காரர்களும் அவரவர் தெருவில் சுத்தியல் எடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் தும்பி எட்டாவது கோட்டைத் தொட்டாள். மழைக்கு முன்னால் வாசலைத் தாண்டினாள். பிறகு ஆற்றுமணல் வரை வந்தாள்.

அங்கே வெறுந்தலையோடு ஒருவர் நின்றிருந்தார். அரண்மனைக்குள் அவையோர் நன்றி மணியை நிறுத்தவில்லை. கீழிருந்து மணி ஏறி வராததால் இடிப்பு வெளியே பரவவில்லை, அரண்மனை மட்டும் இடிந்து எழுந்துகொண்டிருந்தது. மகுடம் வரைபடத்தில் இருக்கவில்லை.

தும்பி மணலில் விரலால் கோடு போட்டாள்.

"எதுக்கு பாப்பா இது?"

"இதுவரைக்கும் வந்துட்டேன். நீங்க எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

மன்னர் தன் காலடியைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. தும்பி குனிந்து அவர் கால்விரல்களுக்கு முன்னால் ஒரு கோடு போட்டாள்.

"இங்கேருந்து ஆரம்பிங்க" என்றாள்.

மன்னர் ஒரு காலைத் தூக்கினார். அரண்மனையில் நன்றி மணி ஒலித்தது.